பதின்மூன்றாம் இலக்கப் படலை

போனோடு பொருத்தித் தமிழ் அடிக்கக்கூடிய வயர் இல்லாத கீபோட் எது என்று வலிகாமத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மாணவர்களுக்கு வினாத்தாள் தயாரிக்க வேண்டுமாம். திரையில் தட்டித் தட்டி விரல் மரத்துவிட்டதாம். எந்தக் கீபோட்டும் தமிழ் அடிக்கும். தமிழுக்கென்றே செய்தது என்று யாராவது விலையைக் கூட்டிச் சொன்னால், அந்தக் கூடுதல் காசு விசைகளின் மேல் உள்ள மைக்குத்தான் போகிறது.

வலது சுட்டுவிரல் தங்கும் ‘ஜே’ விசையைத் தடவிப் பாருங்கள், சின்ன மேடு ஒன்று தெரியும். அதை அழுத்தினால் அடியில் உள்ள இறப்பர்க் குமிழ் அமுங்கி, நிரையாக ஓடும் ஒரு கடத்தியும் நிரலாக ஓடும் ஒரு கடத்தியும் தொட்டுக்கொள்ளும். எந்த நிரை, எந்த நிரல் என்று பார்த்து, கீபோட்டில் உள்ள சில்லு ஓர் எண்ணை அனுப்பும்: 13. ‘ஜே’ என்ற எழுத்தும் போவதில்லை, தமிழ் எழுத்தும் போவதில்லை. எனக்கு இதில் தீராத வியப்பு.

கீபோட்டை ஓர் ஒழுங்கை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விசையும் இலக்கம் போட்ட படலை. ஒழுங்கை வாசலில் நிற்கும் காவலாள், “13ஆம் இலக்கப் படலையைத் தட்டுகிறார்கள்” என்று மட்டும் சொல்லியனுப்புவான். உள்ளே குடியிருப்பது யாரென்று அவனுக்குத் தெரியாது. குடியிருப்போர் இடாப்பு போனிடம் இருக்கிறது. பாமினி என்ற விசையமைப்பின் இடாப்பின்படி 13இல் இருப்பது ‘த’. தமிழ்99 இடாப்பின்படி ‘ப’. பக்கத்து 14இல் இரண்டு இடாப்பிலும் ‘ம’தான்; குடி மாறாத வீடு. ஷிப்ட் விசை, தட்டியவர் மற்றக் கையில் விளக்குப் பிடித்திருந்தாரா என்ற தனிக் குறிப்பாகப் போகும். இலக்கங்கள் 4இல்தான் தொடங்குகின்றன. 0 என்றால் யாரும் தட்டவில்லை. 1 முதல் 3 வரை, ஒழுங்கையில் ஏதோ குழப்பம் என்று முறையிடுவதற்கு ஒதுக்கியவை.

கையை எடுத்ததையும் காவலாள் அறிவித்தாக வேண்டும். அந்தச் செய்தி வரும்வரை விசை அழுத்தப்பட்டே இருக்கிறது என்று போன் எண்ணிக்கொள்ளும். அலை தடைப்பட்டு அது பிந்தினால் திரையில் ‘ததததத’ என்று ஓடும். கீபோட் பழுதென்று பலர் அதைத் தூக்கி எறிவது இந்த இடத்தில்தான். ஆனால் திரும்பத் திரும்ப எழுதுவது போன். கீபோட் ஒரு தரம்தான் சொன்னது. மின்கலத்தை மாற்றியோ போனைக் கிட்ட வைத்தோ பாருங்கள்.

பாரிஸிலிருந்து உறவினர் கொண்டுவந்த கீபோட் வீட்டில் கிடந்தால் அதுவும் உதவும். நம் கீபோட்டில் ‘கியூ’ இருக்கும் மூலையில் பிரெஞ்சுக்காரர் ‘ஏ’ என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த விசை அனுப்புவது இரண்டிலும் 20தான். அச்சைப் பார்க்காமல் அடிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1886இல் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். அது ஜெர்மனியில் செய்யப்பட்டது. அந்தப் பொறியில் எழுத்து உலோகத்தில் வார்க்கப்பட்டு விசையோடு பிணைந்திருந்தது. தட்டச்சு வகுப்புகளில் ‘யளனகப’ என்று இடக்கை பழகிய வரிசை பாமினியிலும் அப்படியே வந்தது. ரெங்கநாதன் என்ற விசையமைப்பை இலங்கை தன் நியமமாக ஏற்றது எஸ்.எல்.எஸ். 1326 மூலம், 2008இல்.

விளம்பரங்கள் பெரிதுபடுத்தும் ‘பத்து மீற்றர் தூரம்’ நமக்குத் தேவையில்லை. போன் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கப்போகிறது? பாதுகாப்பு வேறு விடயம். வயர் இல்லாத எல்லாமே புளூடூத் அல்ல. யூ.எஸ்.பி. துண்டோடு வரும் சில மலிவுக் கீபோட்டுகள் அடித்ததை மறைக்காமலே காற்றில் விட்டதை 2016இல் பாஸ்டில் நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். வங்கிக் கடவுச்சொல்லையும் அதில்தானே அடிப்போம்? புளூடூத் கீபோட்டை இணைக்கும்போது போன் ஆறு இலக்க எண்ணொன்றைக் காட்டி, அதைக் கீபோட்டில் அடிக்கச் சொல்வதுண்டு. அலுப்பாக இருந்தாலும் அது நல்ல அறிகுறி.

வாசகர் சோதிக்க வேண்டியது தம்முடைய போனை. அதிலுள்ள தமிழ்ச் செயலி திரையில் அருமையாக எழுதும், வெளிக் கீபோட்டைக் கண்டால் ஆங்கிலம்தான் தரும் என்ற நிலை இருக்கலாம். தொடுதிரைக்கென்றே எழுதிய செயலிகளில் இது நடக்கும். ஆகவே காசு கொடுக்குமுன், கணினியோடு கிடக்கும் பழைய வயர் கீபோட்டை ஓ.டி.ஜி. துண்டால் போனில் செருகி, தமிழைத் தெரிவுசெய்து ‘ஜே’யை அழுத்துங்கள். வயர் வழியாகவும் அதே 13தான் போகும். ‘த’வோ ‘ப’வோ விழுந்தால் எந்தப் புளூடூத் கீபோட்டையும் வாங்கலாம். ஆங்கிலம் விழுந்தால் முதலில் செயலியை மாற்றுங்கள்.