செவுளில் ஒரு சமையற்கட்டு

மலேசியாவின் கம்போங் மேடானிலிருந்து மேற்கே போனால், கிள்ளான் ஆறு கடலில் கலக்கும் அலையாத்திக் காடு. இப்படிப்பட்ட காட்டில் சேற்றில் ஊறிக் கிடக்கும் ஒரு பாக்காவ் எனும் அலையாத்தி மரக் கட்டையைப் பிளந்து பாருங்கள். உள்ளே விரல் நுழையும் சுரங்கங்கள் தென்படலாம். சுவரெங்கும் வழவழப்பான வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. வெளியிலோ ஓரிரு மில்லிமீட்டர் துளைதான். குஞ்சாக நுழைந்தது உள்ளேயே வளர்ந்துவிட்டது.

அதுதான் கப்பல் புழு. பெயரில் புழு என்றாலும், கெராங்கு எனும் சிப்பிக்கு உறவான இனம். ஓடுகள் இரண்டும் தலையளவில் சுருங்கி, மரத்தைச் சுரண்டும் கருவியாகிவிட்டன. 1503ல் கொலம்பஸின் கப்பல்களைச் சல்லடையாக்கி ஜமைக்காவில் கரை ஒதுங்க வைத்தது இந்தக் கூட்டம்தான்.

சுரண்டிவிடலாம், செரிப்பது எப்படி? மரத்தின் பெரும்பகுதி செல்லுலோஸ், அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் இறுகக் கோத்த நார். நாம் தின்றால் நம் உடலால் அதை உடைக்க முடியாது. உடைப்பதற்கு நொதிகள் வேண்டும். உணவைச் சிதைக்கும் புரதங்கள் அவை. கப்பல் புழுவுக்கு அவற்றில் பலவற்றைத் தருபவை பாக்டீரியாக்கள்.

இதில் என்ன புதுமை, மாட்டுக்கும் கரையானுக்கும் அப்படித்தானே என்று கேட்கலாம். அவற்றுக்கு நுண்ணுயிர்கள் உணவுப் பாதையில் இருக்கின்றன. இங்கே அவை மூச்சுவிடும் செவுளில், அதுவும் செல்களுக்குள்ளேயே குடியிருக்கின்றன! மரத்தூள் சேரும் வயிற்றுப் பையில் பாக்டீரியா மிகக் குறைவு. சமையல் ஒரு வீட்டில், சாப்பாடு இன்னொரு வீட்டில். பாங்கியா செட்டேசியா என்ற கப்பல் புழு இனத்தில் நடத்தி 2014ல் வெளியிட்ட ஆய்வு, செவுள் பாக்டீரியாக்களின் நொதிகளை வயிற்றுப் பையிலேயே கண்டது. பாக்டீரியா இடம் பெயர்வதில்லை, நொதி மட்டும் பயணம் போகிறது. கிடைக்கும் சர்க்கரைக்குப் போட்டியில்லாமல் புழுவே அனுபவிக்க இந்த ஏற்பாடு உதவுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். என்ன நேர்த்தியான வேலைப் பிரிவினை!

இன்னொரு சிக்கல் மிச்சம். மரத்தில் சர்க்கரை உண்டு, புரதம் கட்டத் தேவையான நைட்ரஜன் மிகச் சொற்பம். 1983ல் ஜான் வாட்டர்பரி குழுவினர் கப்பல் புழுக்களிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தார்கள். அது செல்லுலோஸை உடைத்ததோடு நைட்ரஜன் வாயுவையும் பிடித்துச் சத்தாக மாற்றியது. பயறுச் செடியின் வேர்முடிச்சில் நடக்கும் அதே வேலை. கப்பல் புழு ஆய்வுக்கே வாழ்நாளைக் கொடுத்த ஹார்வர்டு விஞ்ஞானி ரூத் டர்னரின் நினைவாக, 2002ல் அதற்கு டெரிடினிபாக்டர் டர்னரே என்று பெயர் வைத்தார்கள்.

அந்த நைட்ரஜன் புழுவுக்குப் போய்ச் சேருகிறதா? 2007ல் ஆய்வாளர்கள், சற்றே எடை கூடிய நைட்ரஜன் வாயுவைக் கொடுத்து அதன் தடத்தைத் தேடினார்கள். முதலில் செவுள் பாக்டீரியாக்களுக்குள் தெரிந்தது. பிறகு புழுவின், பாக்டீரியாவே இல்லாத சொந்தச் செல்களிலும் தெரிந்தது.