மணமூட்டிய நீர்

மணமூட்டிய நீர் என்பது பழத்துண்டு, இலை, வேர், விதை ஆகியவற்றுள் ஒன்றையோ சிலவற்றையோ குடிநீரில் ஊறவைத்து, அவற்றின் மணமும் இளஞ்சுவையும் நீரில் இறங்கிய பின் அருந்தும் பானம் ஆகும். பழச்சாற்றைப் போல் இதில் பழம் முழுதும் பிழியப்படுவதில்லை. கசாயத்தைப் போல் நீர் சுண்டக் காய்ச்சப்படுவதும் இல்லை. பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவ ஊர்கள் போன்ற உவர்நீர்ப் பகுதிகளில் இதைத் தயாரிக்கும்போது ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: மணம் உவர்ப்பை மறைக்கும், உப்பை நீக்காது.

தமிழக வழக்கு

எலுமிச்சை, வெள்ளரி, புதினா இட்ட நீர் அண்மைக்காலத்தில் பரவியது. ஆனால் வெட்டிவேர் நீர், சீரக நீர், துளசி நீர் ஆகியவை தமிழக வீடுகளில் நெடுங்காலமாக அறியப்பட்டவை. கோடையில் மண்பானை நீரில் வெட்டிவேர் முடிச்சு இடுவது பரவலான வழக்கம். கேரளத்தில் பதிமுகம் எனப்படும் மரச்செதில்களை இட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு நீர் உணவுடன் தரப்படுகிறது. சித்த மருத்துவத்தில் 'குடிநீர்' என்ற சொல் நிலவேம்புக் குடிநீர் போன்ற கசாயங்களையும் குறிக்கும். அவை மருந்துகள், மணமூட்டிய நீர் அன்றாடத் தாகத்திற்கானது.

மணம் இறங்கும் விதம்

எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் மணம் பெரும்பாலும் தோலிலுள்ள எண்ணெயிலிருந்து வருகிறது. தோலுக்கு அடியில் உள்ள வெண்பகுதியும் விதையும் நீண்ட நேரம் ஊறினால் கசப்பு இறங்கும். புதினா, துளசி ஆகியவற்றின் எண்ணெய் இலையில் உள்ளதால், கையால் லேசாகக் கசக்கி இட்டால் மணம் விரைவில் வரும். வேரும் விதையும் கடினமானவை என்பதால் அவற்றிற்குக் கூடுதல் நேரமோ சூடோ தேவை.

செய்முறை

எலுமிச்சை–புதினா நீர்: 1 லிட்டர் குடிநீரில் அரை எலுமிச்சையை விதை நீக்கி வட்டமாக நறுக்கி, 10 புதினா இலைகளுடன் இட்டு, குளிர்பெட்டியில் 2 முதல் 4 மணி நேரம் வைத்து வடிகட்டலாம்.

வெட்டிவேர் நீர்: மண் போகக் கழுவிய ஒரு கைப்பிடி வேரைத் துணியில் முடிந்து, காய்ச்சி ஆறிய 5 லிட்டர் நீருள்ள பானையில் இரவு முழுதும் இடலாம். முடிச்சை வெயிலில் நன்கு உலர்த்திச் சில முறை மீண்டும் பயன்படுத்தலாம்.

சீரக நீர்: 1 லிட்டர் நீருக்கு 1 தேக்கரண்டி சீரகம் இட்டு 5 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைக்கலாம்.

குளிர்பெட்டி இல்லாத வீடுகளிலும், படகில் நீர் எடுத்துச் செல்வோருக்கும் வெட்டிவேரும் சீரகமுமே ஏற்றவை. வெட்டிய பழம் வெயிலில் விரைவில் கெடும். 32 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் உள்ள நாளில் பழம் இட்ட நீரை 1 மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. எலுமிச்சை மணம் வேண்டுமெனில் குடிக்கும்போது பிழிந்துகொள்ளலாம்.

பழவேற்காடும் உவர்நீரும்

பழவேற்காடு ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பரந்துள்ளது. ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள் இதற்கு நன்னீர் தருகின்றன. முகத்துவாரம் வழியே கடல்நீர் நுழைகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரியின் உப்பு குறைந்து, கோடையில் கூடும்.

இத்தகைய மணற்கரைகளில் மழைநீர் மணலில் இறங்கி, அடர்த்தி மிகுந்த உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. ஆழமில்லாத ஊற்றுகளில் நல்ல நீர் கிடைப்பது இதனால்தான். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறும். ஏரிக்குத் தெற்கே உள்ள மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை மிகுதியாக எடுத்ததால் கடல்நீர் உட்புகுந்தது நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

உப்பும் கிருமியும்

குடிநீரில் கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 கூறுகிறது. 2000 மில்லிகிராம் அளவுள்ள நீரை நாளுக்கு 3 லிட்டர் குடிப்பவரின் உடலில் 6 கிராம் உப்புகள் சேர்கின்றன. அவை அனைத்தும் சமையல் உப்பு அல்ல. எனினும் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். சுவை நன்றாக இருப்பதாலேயே உவர்நீரை அதிகம் குடிக்கும் நிலை இவர்களுக்குத் தீங்காகலாம்.

காய்ச்சுதல் கிருமிகளைக் கொல்லும், உப்பை நீக்காது. 10 லிட்டர் உவர்நீர் 8 லிட்டராகச் சுண்டினால் அதன் உப்புச் செறிவு கால் பங்கு கூடும். தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும். அதுவும் கரைந்த உப்பை எடுக்காது. எலுமிச்சையோ துளசியோ நீரைக் கிருமியற்றதாக்கும் என நம்பக் கூடாது. உப்பை நீக்க வாலைவடித்தல் அல்லது எதிர்ச் சவ்வூடுபரவல் தேவை. வீட்டளவில் எளிய வழி, கூரை மழைநீரைத் தூய்மையாகச் சேமித்து, குடிக்கும் முன் காய்ச்சுவதாகும். தமிழ்நாட்டில் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003 இல் கட்டாயமாக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

மண்பானை, கண்ணாடி, எவர்சில்வர் ஏனங்கள் ஏற்றவை. செம்பு, பித்தளை ஏனங்களில் எலுமிச்சை போன்ற புளிப்புப் பழங்களை ஊறவைத்தால் உலோகம் நீரில் கரையும்.

வயிற்றுப்போக்கின்போது தரப்படும் உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதில் குறித்த அளவு தூய நன்னீரில் மட்டுமே கலக்க வேண்டும். உவர்நீரில் கலந்தால் உப்பின் அளவு கூடிவிடும். குழந்தைகளுக்கு இது ஆபத்தானது. மணமூட்டிய நீர் இக்கரைசலுக்கு மாற்று அன்று.

மணமூட்டிய நீர் உடலின் நச்சுகளை வெளியேற்றும் என்பதும் பரவலான தவறான நம்பிக்கை. அப்பணியைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. சர்க்கரையின்றி விருப்பத்துடன் போதிய நீர் குடிக்கச் செய்வதே இப்பானத்தின் பயன். அதற்கு அடிப்படை நல்ல நீர்.