மாட்டு வண்டியில் வந்த காமிரா!

ஊர் ஊராகப் படம் பிடிக்க எந்தக் காமிரா நல்லது? எந்த லென்ஸ் வேண்டும்?

1858ஆம் ஆண்டு.

தஞ்சாவூருக்கு மாட்டு வண்டிகள் வந்தன. வண்டிகளில் நெல் மூட்டை இல்லை. மரப் பெட்டிகள் இருந்தன. மருந்துப் புட்டிகள் இருந்தன. மெழுகு பூசிய காகிதக் கட்டுகள் இருந்தன.

அத்தனையும் ஒரே ஒரு மனிதரின் காமிராச் சாமான்கள்!

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்ற ஊரில் 1822ல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் கேப்டன். 1856ல் சென்னை அரசாங்கம் அவரைத் தனது படப்பிடிப்பாளராக நியமித்தது. மறு ஆண்டு கடைசியில் அவர் பெங்களூரில் இருந்து புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை, திருவையாறு என்று தமிழ்நாட்டைச் சுற்றினார்.

பயணம் போகிறவர் எதை எடுத்துக்கொண்டு போவது? இந்தக் கேள்வி அவருக்கும் இருந்தது.

அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்பது வழக்கமாகி வந்தது. படம் தெளிவாக விழும். ஆனால் கண்ணாடி கனக்கும், உடையும். மருந்து ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். வண்டிப் பாதையில் இது நடக்கிற காரியமா? டிரைப் மெழுகுக் காகிதத்தைத் தேர்ந்தெடுத்தார். காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம். உடையாது. தெளிவு கொஞ்சம் குறைந்தாலும் ஊர் போய்ச் சேரும்.

ஆனாலும் வண்டி தேவைப்பட்டது. ஏன்? அந்த நாளில் படத்தைப் பெரிது பண்ண நல்ல வழி இல்லை. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ, அவ்வளவு பெரிய காகிதத்தைக் காமிராவுக்குள் வைக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு அடி நீளமுள்ள படம் என்றால், காமிராவும் அதற்குத் தக்க பெட்டி!

21 துண்டு, 19 அடி!

பெரிய கோவில் விமானத்தின் அடிப்பகுதியைப் பார்த்திருப்பீர்கள். கல்லில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு அது. 1858ல் அதை முழுதாகப் படித்து நூலாக வெளியிட்டவர் எவரும் இல்லை. 1886க்குப் பிறகுதான் ஜெர்மன் அறிஞர் ஹுல்ஷ் அந்தக் கல்வெட்டுகளை ஆராய்ந்து வெளியிட்டார். கோவிலைக் கட்டியவன் ராஜராஜன் என்பது அப்போதுதான் ஐயமின்றித் தெளிவாயிற்று.

டிரைப்புக்கு அந்த எழுத்து வேண்டும். ஆனால் எந்த லென்சிலும் அவ்வளவு நீளச் சுவர் அடங்காது. காமிராவைச் சுவர் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். 21 படங்கள் எடுத்தார். ஒட்டிச் சேர்த்தால் சுமார் 19 அடி நீளம்!

இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்த பரிசு என்ன? 1859ல் சென்னைக்குக் கவர்னராக வந்த சார்லஸ் டிரவெலியன், இது வீண் செலவு என்று வேலையை நிறுத்தச் சொன்னார். அதன் பிறகு டிரைப் அதிகமாகப் படம் எடுக்கவே இல்லை. 1902ல் காலமானார்.

மூச்சு வாங்கிய மெக்கானிக்

வண்டிப் பாரத்தைச் சட்டைப் பைக்குக் கொண்டுவந்தவர் ஒரு ஜெர்மன்காரர். பெயர் ஆஸ்கர் பர்னாக். வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். அவருக்கு ஆஸ்துமா தொந்தரவு. மலைப் பாதையில் நடந்து படம் எடுக்க ஆசை. பெரிய காமிராவைத் தூக்கினால் மூச்சு வாங்கும்.

அவர் ஒரு யோசனை செய்தார். சினிமாப் பிலிமைச் சின்னப் பெட்டியில் போட்டார். 36 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் உயரம் - இவ்வளவுதான் படம். பிறகு அதைப் பெரிதாக்கிக்கொண்டால் போயிற்று! 1914 வாக்கில் மாதிரிக் காமிரா தயார். 1925ல் லைப்சிக் கண்காட்சியில் 'லைக்கா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இன்று கடையில் 'புல் பிரேம்' என்கிறார்களே, அது வேறு ஒன்றும் அல்ல. பர்னாக் வைத்த அதே 36க்கு 24 அளவுதான். பிலிம் இருந்த இடத்தில் இப்போது ஒளியை வாங்கும் சில்லு இருக்கிறது.

அளவு பெரிதானால் என்ன லாபம்? மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு செம்பும் ஒரு அண்டாவும் வைத்துப் பாருங்கள். எதில் தண்ணீர் அதிகம் விழும்? அதே கணக்குத்தான். உயர்ந்த செல்போன்கள் சிலவற்றில் உள்ள 'ஒரு அங்குல' சில்லைக் காட்டிலும் புல் பிரேம் சில்லு ஏழு மடங்கு பரப்பு உடையது. மங்கலான வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எடுத்த படத்தைச் செல்போனிலேயே பார்த்துவிட்டு வைக்கிறவர்களுக்குப் புல் பிரேம் தேவையே இல்லை. பட்ட பகலில் செல்போன் நன்றாகவே எடுக்கிறது. பெரிதாக அச்சுப் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும், விளக்கு வெளிச்சத்திலும் எடுக்க வேண்டும் என்பவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

அரைக் கிலோ போதும்

லென்ஸ் கழற்ற முடியாத, புல் பிரேம் உள்ள சின்ன டிஜிட்டல் காமிராவை முதலில் கொண்டுவந்தது சோனி. ஆண்டு 2012. பெயர் ஆர்.எக்ஸ்.1. எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. 2015ல் லைக்கா 'கியூ' வந்தது. இவற்றில் ஒரே லென்ஸ்தான். விலையோ, கையைக் கடிக்கும்!

லென்ஸ் மாற்றக்கூடிய சின்ன காமிராக்களும் உண்டு. 2019ல் வந்த கேனன் ஆர்.பி. 485 கிராம். 2020ல் வந்த சோனி ஏ7சி 509 கிராம். 2019ல் வந்த சிக்மா எப்.பி. 422 கிராம்தான். ஆனால் அதில் ஒரு குறை. திறந்து மூடும் கதவு கிடையாது. எல்லாம் மின்சாரத்தால் நடக்கும். வேகமாக ஓடும் பஸ்சை எடுத்தால் பஸ் சாய்ந்து நிற்கும்!

வாங்கும்போது காமிராவின் எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அரைக் கிலோ காமிராவில் முக்கால் கிலோ லென்சை மாட்டினால், அது மூக்கு குத்திக்கொண்டு தொங்கும். சின்ன காமிரா வாங்கிய பலன் போய்விடும். இரண்டையும் சேர்த்துக் கையில் பிடித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் தோளில் தொங்குமா என்று யோசியுங்கள்.

கோபுரம் சொல்லும் கணக்கு

லென்சின் மேல் மில்லிமீட்டர் எண் இருக்கும். எண் சிறிதானால் அகலமாகப் பார்க்கும். எண் பெரிதானால் தூரத்தில் உள்ளதைக் கிட்டே இழுக்கும். இதைப் பெரிய கோவிலை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

விமானத்தின் உயரம் 216 அடி என்பார்கள். காமிராவை நெட்டாகப் பிடித்து, அடி முதல் கலசம் வரை எடுக்க வேண்டும். 50 எண் லென்ஸ் என்றால் விமானத்தின் நடுவில் இருந்து சுமார் 260 அடி தள்ளி நிற்க வேண்டும். 35 எண் என்றால் 155 அடி. 28 எண் என்றால் 100 அடி போதும்.

கோவிலின் கிழக்கே இடம் தாராளம். 50 எண் லென்சைக் கொண்டு பின்னால் போகலாம். ஆனால் நந்தி மண்டபம் குறுக்கே நிற்கும். வடபுறமோ தென்புறமோ போனால் பின்னால் நகர இடம் இல்லை; திருச்சுற்று மாளிகை வந்துவிடும். அங்கே 35 எண்ணில் உயரம் அடங்கினாலும், அடி அகலம் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். 28 கூட இழுபறிதான். 24 இருந்தால் நிம்மதி.

இன்னொரு விஷயம். கோவில் கிழக்கு நோக்கியது. முன்பக்கத்தில் காலை வெயில் விழும். சீக்கிரம் எழுந்தவருக்குத்தான் நல்ல படம்!

இதற்காக எல்லா எண்ணிலும் ஒரு லென்ஸ் வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. 28 முதல் 200 வரை ஒரே லென்சில் அடங்கியவை உண்டு. சோனி காமிராவுக்கு டாம்ரான் செய்தது 575 கிராம். வீதி, கோபுரம், வயலில் தூரத்தே நிற்கும் கொக்கு - எல்லாவற்றுக்கும் ஆகும். வரப்பில் நின்று லென்ஸ் மாற்றும் வேலை மிச்சம். களத்தில் நெல் தூற்றும்போது காமிராவைத் திறந்தால் தூசி நேரே சில்லின் மேல் போய் உட்காரும்.

ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்தில் இந்த லென்ஸ் திணறும். லென்சின் மேல் இன்னொரு எண் இருக்கும்: 1.8, 2.8, 5.6 என்று. அது லென்சின் வாய் அகலம். எண் குறையக் குறைய வாய் பெரிது. தஞ்சாவூரில் வீணை செய்கிறவர் வீட்டுக்குள் குனிந்து உட்கார்ந்து பலா மரத்தைச் செதுக்குகிறார். சுவாமிமலையில் சிற்பி மெழுகில் சாமி உருவம் பிடிக்கிறார். அங்கே 5.6 இருட்டும், 1.8 பார்க்கும். ஆகவே 35 எண்ணில் 1.8 வாய் உள்ள சின்ன லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். கேனனின் அப்படிப்பட்ட லென்ஸ் 305 கிராம்தான்.

இந்த இரண்டு போதும். மூன்றாவது லென்ஸ் பெரும்பாலும் வீட்டு அலமாரியில்தான் தூங்கும்.

ஒரு கம்பெனிக் காமிராவுக்குச் செய்த லென்ஸ் மற்றொரு கம்பெனிக் காமிராவில் பெரும்பாலும் நேராகப் பொருந்தாது. காமிராவை நாலைந்து வருஷத்தில் மாற்றுவீர்கள். நல்ல லென்சோ பல காலம் உழைக்கும். ஆகவே முதலில் லென்சைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு ஏற்ற காமிராவைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

லென்சில் பூசணம்!

காவிரிக் கரையில் காமிராவுக்குப் பெரிய எதிரி திருடன் அல்ல, ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லென்சைத் தோல் பையில் போட்டு மூடி வைத்தால், கண்ணாடிக்கு உள்ளே பூசணம் பிடிக்கும். சிலந்தி வலை போல் படரும். முற்றிவிட்டால் கண்ணாடியையே அரித்துவிடும்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சிலர் அரிசிக்குள் புதைத்து வைக்கிறார்கள். கூடாது! அரிசித் தூள் லென்சின் சந்துகளில் புகுந்துகொள்ளும். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து, மறு பக்கம் பாருங்கள். உள்ளே வெள்ளை இழை தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கருவறைக்குள் படம் எடுக்கக் கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைப்பதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். நாற்று நடும் பெண்களைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். சேற்றில் குனிந்து நிற்கும்போது படம் பிடிக்க எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள்.

டிரைப் எடுத்த அந்தக் கல்வெட்டுச் சுவர் அங்கேயே இருக்கிறது. காமிராவோ செல்போனோ, அதை நீளப் படமாக எடுக்க விரும்பினால் நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பாதீர்கள். சுவர் வில் போல் வளைந்துவிடும். சுவருக்கு நேராக நின்று ஒரு படம். பக்கவாட்டில் இரண்டு அடி நகர்ந்து மறு படம். முதல் படத்தில் உள்ள எழுத்துகளில் கொஞ்சம் இரண்டாவதிலும் வரட்டும். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் எழுத்தின் பள்ளம் நன்றாகத் தெரியும். அவருக்கு 21 படம் ஆயிற்று. உங்களுக்கு எத்தனை ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள்.