கண்ணும் நினைவும் வடித்த கருவி

ஒரு கருவியைச் செய்கிறவர் இரும்பையும் மின்சாரத்தையும் மட்டும் அறிந்தால் போதாது. அதைத் தொடப்போகிறவரின் கண் எப்படிப் பார்க்கிறது, மனம் எதை நினைவில் வைக்கிறது என்பதையும் அறிய வேண்டும். இதற்குச் சான்று நம் பெங்களூரிலேயே உண்டு. ஜாலஹள்ளி பாரத் எலக்ட்ரானிக்ஸில் உருவான மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்தான் அது. ஹைதராபாத் ஈ.சி.ஐ.எல். நிறுவனமும் இதைத் தயாரிக்கிறது. பெங்களூரில் அப்பணியை முன்னின்று நடத்தியவர்களுள் நம் எழுத்தாளர் சுஜாதா (எஸ். ரங்கராஜன்) ஒருவர் என்பது நமக்குப் பெருமை.

என் பாத்திரக் கடைக்கு வருகிறவர்கள், "பேரு வாயில வரலீங்க, காட்டுனா சொல்லிடுவேன்" என்பார்கள். நினைவுகூர்வது கடினம், கண்டதும் அடையாளம் காண்பது எளிது. மனநூலார் சொல்வதும் இதுவே. 1951-52 பொதுத்தேர்தலின்போது நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். ஆகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைத்தார்கள். அந்தச் சின்னமே பிறகு வாக்குச்சீட்டுக்கும், அதன்பின் இயந்திரத்துக்கும் வந்தது.

நமது சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் மதிஞானத்துக்கு நான்கு படிகள் கூறும்: அவக்கிரகம், ஈஹா, அவாயம், தாரணை. முதலில் ஏதோ கண்ணில் படுகிறது, "இது எது?" என்று மனம் தேடுகிறது; "இதுதான்" என்று துணிகிறது; துணிந்ததை நினைவில் இருத்துகிறது. இயந்திரத்தின் முன் நிற்பவரைப் பாருங்கள். சின்னங்களின் வரிசை கண்ணில் படுகிறது. தம் சின்னத்தைத் தேடுகிறார். கண்டதும் நேர் எதிரே உள்ள நீலப் பொத்தானை அழுத்துகிறார். சிவப்பு விளக்கும் 'பீப்' ஓசையும், இன்று ஏழு விநாடி தெரியும் ஒப்புகைச் சீட்டும், "வாக்கு விழுந்தது" என்று மனதில் பதிய வைக்கின்றன.

தாரணையின் வலிமையைத் தமிழகம் 1989-இல் கண்டது. இரட்டை இலை முடக்கப்பட்டதும், சேவலையும் இரட்டைப் புறாவையும் மக்கள் மனதில் புதிதாகப் பதிக்க எவ்வளவு பாடு! கண்ணுக்கும் எல்லை உண்டு. 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட, வாக்குச்சீட்டே புத்தகமாயிற்று. அத்தனை சின்னத்தில் ஒன்றைத் தேடுவது யாரால் ஆகும்? இயந்திரத்தின் ஒரு பலகையில் 16 வரிசைகள்தான். மிகுந்தால் அடுத்த பலகை.

1982-இல் கேரளத்தின் பரவூரில் 50 வாக்குச்சாவடிகளில் தொடங்கியது, 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் வந்தது. இதில் நமக்கு என்ன? பிழைப்புக்காக இங்கு வந்து, கன்னடம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம் பெரியவர்கள் எத்தனையோ பேர். பக்கத்திலிருப்பவரைப் படித்துச் சொல்லச் சொன்னால் வாக்கின் இரகசியம் போயிற்று. சின்னம் இருப்பதால் அவர்கள் யாரையும் கேட்காமல், தலைநிமிர்ந்து வாக்களித்துவிட்டு வருகிறார்கள்.

நம் பிள்ளைகள் பலர் இவ்வூரில் மென்பொருள் எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் செய்யும் செயலியை முதலில் வீட்டுப் பாட்டியிடம் கொடுத்துப் பாருங்கள். கண் எங்கே தேடுகிறது, விரல் எங்கே தயங்குகிறது என்று கவனியுங்கள். அந்த இடத்தில் திருத்த வேண்டியது செயலியை, பாட்டியை அல்ல.