குழாயும் தயக்கமும்

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன. ஐரோப்பிய நாடுகள் அதனைக் கண்டித்தன. ரஷ்ய வங்கிகள் பலவற்றின்மீது தடை விதித்தன. ஆயினும், குழாய்வழியே வந்த ரஷ்ய எரிவாயுவுக்குத் தடை விதிக்கவில்லை. ஏன்?

ஜெர்மனியைப் பாருங்கள். அந்நாடு இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்தே வந்தது. பால்டிக் கடலுக்கு அடியில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் 2011 முதல் அதனை நேரே கொண்டுவந்தது. அங்குள்ள வீடுகளில் ஏறக்குறைய பாதி, குளிர்காலத்தில் எரிவாயுவால் வெப்பமூட்டப்படுபவை. அடுப்புக்கு மட்டும் அதனைப் பயன்படுத்தும் நமக்கு இது வியப்பளிக்கலாம்.

நிலக்கரியை வேறு நாட்டிலிருந்து கப்பலில் வரவழைக்கலாம். எனவே அதற்கு ஏப்ரலிலேயே தடை முடிவாயிற்று. குழாயோ மறுமுனையிலுள்ள நாட்டின் எரிவாயுவை மட்டுமே தரும். எரிவாயுவைக் கடுங்குளிரில் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றலாம். ஆனால், அதனை இறக்கும் முனையம் அப்போது ஜெர்மனியில் ஒன்றுகூட இல்லை.

ஆகவே, உக்ரைனுக்கு உதவிய நாட்டிலிருந்தே ரஷ்யாவுக்கு எரிவாயுவின் விலையும் சென்றுகொண்டிருந்தது. இறுதியில் அக்கடலடிக் குழாயை நிறுத்தியது ஜெர்மனி அன்று. ஆகஸ்டு இறுதியில் ரஷ்யாவே நிறுத்தியது. டிசம்பரில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் முதல் முனையம் திறக்கப்பட்டது.