கொல்கத்தாவின் பச்சைத் தண்ணீர்

சாக்கடை போகும் பாதை – 9

சுத்திகரிப்பு நிலையங்களில் இரவு பகலாக இரைந்துகொண்டிருக்கும் காற்றூதும் இயந்திரங்களைப் போன வாரம் பார்த்தோம். கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஊட்டத்தான் அந்த இரைச்சல். பல நிலையங்களில் மின்செலவில் பாதி இதற்கே போகிறது. இதே வேலையை வெயில் செய்துகொடுக்கும் இடம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது.

1980களின் தொடக்கத்தில், கொல்கத்தாவின் கழிவுநீரை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆராயும் பொறுப்பு மேற்கு வங்க அரசின் பொறியாளர் துருபஜோதி கோஷிடம் வந்தது. கழிவுநீர்க் கால்வாயைப் பின்தொடர்ந்து கிழக்கே போனார். அங்கே மீனவர்கள் தலைமுறைகளாக அந்தச் சாக்கடை நீரைக் குளங்களில் அளவாகத் திறந்துவிட்டு மீன் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளங்களுக்கு ‘பேரி’ என்று பெயர்.

கறுப்பாக இறங்கும் நீர் சில நாட்களில் பச்சையாகிவிடுகிறது. பாக்டீரியா அழுக்கைச் சிதைத்துக் கரியமில வாயுவையும் அம்மோனியாவையும் பாஸ்பேட்டையும் வெளியே விடுகிறது. பாசிக்கு வேண்டிய உரமே அவைதான். வெயிலில் பாசி வளர்கிறது, ஆக்சிஜனை விடுகிறது. அதை வாங்கிக்கொண்டு பாக்டீரியா மேலும் அழுக்கைச் சிதைக்கிறது. குளத்தில் ஆழம் குறைவு என்பதால் வெயில் நன்றாக இறங்கும். நடுப்பகலில் பாசி கரியமில வாயுவை வேகமாக இழுக்க, நீரின் காரத்தன்மை ஏறுகிறது. நோய்க்கிருமிகளில் பெரும்பகுதி அதிலும் வெயிலிலும் மடிகிறது.

இந்தக் கூட்டு வேலையை 1950களில் கலிபோர்னியாவில் ஆராய்ந்தவர் வில்லியம் ஆஸ்வால்ட். ஆழமில்லாத நீரைத் துடுப்புச் சக்கரத்தால் மெல்லச் சுற்றவிடும் குளங்களை அவர் வடிவமைத்தார். அங்கே பெரிய தலைவலி, வளர்ந்த பாசியை நீரிலிருந்து பிரிப்பதுதான். நுண்ணிய பாசி எளிதில் அடியில் படியாது. அப்படியே ஆற்றில் விட்டால் செத்து அழுகி, ஆற்றின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். கொல்கத்தா மீனவர்களிடம் இதற்கு ரோகுவும் கட்லாவும் திலேப்பியாவும் இருந்தன. பாசியும் அதைத் தின்னும் நுண்ணுயிர்களும் மீனுக்கு இரை. மீன் நகரத்துக்குச் சோறோடு குழம்பு.

எல்லாம் தானாக நடந்துவிடாது. இரவில் பாசியும் ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கும். அதனால் விடியற்காலையில் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மீனவருக்குப் புரிந்துவிடும்: இன்று மடையைத் திறக்கக் கூடாது. மேகம் மூடிய நாளிலும் அப்படித்தான். மீட்டர் எதுவும் வைத்துக்கொள்ளாமல், நிறத்தையும் வாடையையும் மீனின் நடமாட்டத்தையும் வைத்து முடிவெடுக்கும் இந்த அறிவுக்கு முன்னால் எனக்குத் தலை வணங்கத் தோன்றுகிறது.

இந்தப் பேரிகள் அடங்கிய, சுமார் 12,500 ஹெக்டேர் பரந்த சதுப்புநிலம் 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கோஷ் 2018இல் மறையும்வரை அதைக் காக்கப் போராடினார். மண் கொட்டிக் கட்டடம் எழுப்பும் ஆசை இன்னும் ஓயவில்லை. ஒரு பேரியை மூடினால், அது சும்மா செய்துவந்த வேலைக்கு நகரம் மின்கட்டணம் கட்ட வேண்டிவரும். மீனவர் வீட்டில் அடுப்பும் அணையும்.

பாசியாலும் பாக்டீரியாவாலும் சிதைக்க முடியாத ஒன்றும் அதே கால்வாயில் வருகிறது. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும்: தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியம். அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.

(தொடரும்)