நிறுத்திப் பார்க்க முடியாத காலம்

1955-இல் ஜூல்ஸ் டாஸினின் குற்றப் படமான ‘ரிஃபிஃபி’ பாரிஸில் வெளியானபோது, அதை இரண்டாம் தடவை பார்க்க ஒரே வழி இன்னொரு டிக்கெட் வாங்குவதுதான். தியேட்டரை விட்டுப் படத்தை எடுத்துவிட்டால் அதோடு சரி. எங்காவது ஒரு சினி-கிளப் பிரிண்ட் பிடித்துத் திரையிடும்வரை, பார்த்தவர் தலைக்குள்தான் அந்தப் படம் ஓடவேண்டும். இன்று அதைப் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் கையிலேயே படம் இருக்கிறது. பேச்சையே மாற்றிய வித்தியாசம் இது.

போருக்குப் பிந்தைய பிரான்ஸில் சினி-கிளப்புகள் பெருகியதற்குக் காரணம் பசி. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் தடைபட்டிருந்த அமெரிக்கப் படங்கள் 1946-இல் மொத்தமாக வந்து இறங்கின. அவற்றில் சிலவற்றின் இருட்டைக் கண்ட நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர், அந்த வருடமே அவற்றை ‘ஃபிலிம் நுவார்’ (கறுப்புப் படம்) என்று குறிப்பிட்டு எழுதினார். லத்தீன் குவார்ட்டரில் எரிக் ரொஹ்மர் நடத்திய கிளப்பிலும், ஆன்ரி லாங்லுவாவின் படக் காப்பகமான சினிமாதெக்கில் இருந்த 60 இருக்கை அரங்கிலும், பின்னாளில் இயக்குநர்களான கோதார், ரிவெத், த்ரூஃபோ எல்லாம் தவம் கிடந்தார்கள். விமர்சகர் ஆந்த்ரே பஸான் தொழிற்சாலைகளில்கூடத் திரையிடல் நடத்தினார். முதலில் ஒருவர் எழுந்து படத்தை அறிமுகம் செய்வார், பிறகு படம், விளக்குப் போட்டதும் விவாதம். த்ரூஃபோ 16 வயதில் சொந்தமாகக் கிளப் ஆரம்பித்துக் கடனில் மாட்டி, வீட்டார் கையாலேயே போலீசில் ஒப்படைக்கப்பட்டவர். அவரை மீட்டதில் பஸானுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே பையன் ஏழு வருடம் கழித்து, தான் படித்ததிலேயே மோசமான குற்ற நாவலிலிருந்து தான் பார்த்ததிலேயே சிறந்த குற்றப் படத்தை எடுத்துவிட்டார் ஜூல்ஸ் டாஸின் என்று எழுதினான்.

நாவல் ஒகுஸ்த் லெ ப்ரெத்தோன் எழுதியது. அதில் சில பக்கங்களே வரும் கொள்ளையை டாஸின் படத்தின் கால் பங்குக்கு இழுத்தார். நான்கு பேர் நகைக்கடைக்கு மேலே உள்ள வீட்டின் தரையில் துளை போடுகிறார்கள். அந்தத் துளை வழியே ஒரு குடையை இறக்கி விரித்து, உதிரும் காரையைச் சத்தமில்லாமல் அதில் ஏந்துகிறார்கள். எச்சரிக்கை மணியின் வாயைத் தீயணைப்பு நுரையால் அடைக்கிறார்கள். பிறகு பெட்டகம். இத்தனைக்கும் ஒரு வசனம் கிடையாது, இசை கிடையாது. இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் இந்தக் காட்சிக்கு இசை எழுதியிருந்தார். டாஸின் அதை இசையோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் போட்டுக் காட்டியதும், இசை வேண்டாம் என்று ஓரிக்கே சொல்லிவிட்டார்.

விளக்குப் போட்டதும் பேச வேண்டியது இந்த மௌனத்தைப் பற்றி. சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வசனமும் இல்லாத அரைமணி நேரத்தை எதை வைத்து விவாதிப்பது? கண்ணை வைத்துத்தான். குடையைப் பிடித்தவர் யார், இருமியவர் யார், கடிகாரம் எப்போது காட்டப்பட்டது என்று ஒவ்வொருவரும் தம் நினைவிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் மறுக்கலாம். தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை. நுவார் பற்றிய முதல் புத்தகத்தை ரேமோன் போர்த், எத்தியன் ஷோம்தோன் இருவரும் அதே 1955-இல் வெளியிட்டார்கள். அதுவும் பெரும்பாலும் நினைவையும் குறிப்புகளையும் நம்பித்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தக் காலத்து விமர்சனங்களில் தகவல் பிழை மலிந்திருப்பது ஆச்சரியமில்லை. கொள்ளைக் காட்சி 28 நிமிடம் என்பவர் உண்டு, 33 என்பவரும் உண்டு. (இன்றும் இது தீரவில்லை, எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் சண்டை.)

கிளப்புகளின் கூட்டத்தைக் கலைத்தது தொலைக்காட்சி. 1971-இல் க்ளோத்-ழான் ஃபிலிப் அரசுத் தொலைக்காட்சியிலேயே ‘சினி-கிளப்’ என்ற பெயரில் பழைய படங்கள் போடத் தொடங்கினார். அறிமுகம் உண்டு, படம் உண்டு. விவாதம் மட்டும் அவரவர் வீட்டுக் கூடத்தோடு நின்றது. பிறகு வீடியோ, டிஸ்க், இணையம். ஆனால் கிளப் சாகவில்லை. ஃபிலிப்பே பின்னாளில் ஆர்லகன் தியேட்டரில் ஞாயிறுதோறும் படம் போட்டுப் பேசினார். 60 இருக்கை சினிமாதெக் இன்று பெர்சியில், ஃப்ராங்க் கேரி வடிவமைத்த கட்டிடத்தில் இருக்கிறது.

இன்றைய விவாதம் வேறு இடத்தில் தொடங்குகிறது. டாஸின் அமெரிக்கர், 1951-இல் சக இயக்குநர் எட்வர்ட் டிமிட்ரிக், கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் அவரைக் கம்யூனிஸ்ட் என்று காட்டிக்கொடுத்தார். ஹாலிவுட் கதவு சாத்தியது. சில வருடம் படமே இல்லை. ‘ரிஃபிஃபி’யில் பெட்டகம் உடைக்கும் செஸாராக வேறு பெயரில் நடித்தவரும் அவரே. செஸார் மிரட்டலுக்குப் பணிந்து கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கிறான். விதி தெரியும் அல்லவா என்று கேட்டுத் தலைவன் டோனி அவனைச் சுடுகிறான். காட்டிக்கொடுக்கப்பட்டவர், காட்டிக்கொடுத்தவனாக நடித்துச் சாகிறார். அப்போது, பிறரைக் காட்டிக்கொடுத்த தன் நண்பர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்ததாக டாஸின் பின்னாளில் சொன்னார். இது தெரிந்தபின் அந்தக் காட்சியை வெறும் கொள்ளைக்கார நியாயமாகப் பார்க்க முடியாது. நாவலில் எதிரிக் கும்பல் வட ஆப்பிரிக்கர்கள். அல்ஜீரியப் போர் தொடங்கிய காலத்தில் டாஸின் அதை மாற்றினார் என்பதும் இன்று பேசப்படுகிறது.

இன்னொன்று, டோனியின் பழைய காதலி மாதோ. சிறையிலிருந்து வந்த டோனி, தன்னை விட்டுப்போன அவளை ஆடை களையச் சொல்லி பெல்ட்டால் அடிக்கிறான். அன்று அது வகைமையின் வழக்கம் என்று கடந்துபோனது. இன்று கூட்டம் அங்கே நின்றுவிடுகிறது. நிற்கவும் வேண்டும். அடித்தவனையே கடைசிவரை நாயகனாக வைத்திருக்கும் படம் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று கேட்பது தவறான கேள்வி அல்ல.

ஆக, இன்றைய பேச்சு அன்றையதைவிட விவரமானது, நியாயமானதும்கூட. ஆனால் பார்த்தது குறைவு என்பேன். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்ற தைரியம் கண்ணைச் சோம்பேறியாக்குகிறது. கொள்ளைக் காட்சியை மட்டும் வெட்டிப் பார்த்துவிட்டு ‘ரிஃபிஃபி’ பார்த்தாகிவிட்டது என்கிறவர்கள் உண்டு. கொள்ளைக்குப் பிறகு வரும் சீரழிவுதானே படம்! இயக்குநர் மெல்வில் 1970-இல் ‘ல செர்க்கிள் ரூழ்’ படத்தில் இதே மௌனக் கொள்ளையை இன்னும் இறுக்கமாக எடுத்தார். ‘ரிஃபிஃபி’ அதற்கு முன்வந்த குற்றப் படமான ‘கிரிஸ்பி’க்கும், பின்வந்த மெல்விலின் ‘பாப் லெ ஃப்ளாம்பேர்’க்கும் பக்கத்தில் நிற்காது என்று கோதார் சொன்னதும் உண்டு. ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் முழுதாகப் பார்த்தவர்தான் மறுக்க முடியும்.

உங்கள் ஊரில் நான்கு பேர் சேர்ந்து படம் பார்க்கும் வழக்கம் இருந்தால் ‘ரிஃபிஃபி’யை ஒருநாள் வையுங்கள். போன்களை வாங்கி ஒரு பையில் போட்டுவிட்டு, ஒரே மூச்சில் ஓட்டுங்கள். முடிந்ததும் நினைவிலிருந்து சண்டை போடுங்கள். யாருடைய நினைவு சரி என்று மறுநாள் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.